எங்களை உதாரணமாக்காதீர்கள்

எனக்குத் தலசீமியா என்று சொன்னதும் முற்போக்கு நண்பர்களில் பெரும்பாலோர் கேட்கும் முதல் கேள்வி ஒன்றுதான்: "அப்பா அம்மா சொந்தமா?" ஆமாம், சொந்தம்தான். என் அம்மா கட்டிக்கொண்டது தன் அத்தை மகனை. இந்தப் பதிலைக் கேட்டதும் கேட்டவர் முகத்தில் ஒரு திருப்தி வந்துவிடும். அகமணத்துக்கு எதிராக அவர் பேசிவருவதற்கு உயிருள்ள ஆதாரம் ஒன்று எதிரிலேயே உட்கார்ந்திருக்கிறது. எத்தனை நாளைக்கு ஒருமுறை ரத்தம் ஏற்ற வேண்டும், அந்த ரத்தத்தை யார் தருகிறார்கள், மாத்திரை கிடைக்கிறதா, வேலைக்கு என்ன வழி என்பதையெல்லாம் அதற்குப் பிறகு அவர் கேட்பதில்லை.

என் உறவுக்காரர்கள் இதையே வேறு விதமாகச் செய்கிறார்கள். அவர்களுக்கு நான் முன்வினைக்கு உதாரணம், சாமி குத்தத்துக்கு உதாரணம். ஒரு பக்கம் விதி, மறுபக்கம் மரபணு. இரண்டு பக்கமும் நோயாளியைப் பார்த்து யார் தப்பு என்று தேடுகின்றன. நோயாளிக்கு என்ன தேவை என்று இரண்டு பக்கமும் கேட்பதில்லை. சாதி எதிர்ப்பு இயக்கத்தின் வாசகர்களிடம் இதைச் சொல்வதற்குக் காரணம், நீங்களாவது அந்தக் கேள்வியைக் கேட்பீர்கள் என்ற நம்பிக்கைதான்.

முதலில் நோயைப் பற்றி. ரத்தத்தின் சிவப்பணுக்களில் பிராணவாயுவைச் சுமக்கும் ஹீமோகுளோபினை எங்கள் உடலால் சரியாக உருவாக்க முடியாது. பிறந்து சில மாதங்களிலேயே குழந்தை வெளுத்துப்போகும், வயிறு வீங்கும், பால் குடிக்கவே மூச்சு வாங்கும். ரத்தம் ஏற்றாவிட்டால் தீவிரத் தலசீமியா உள்ள குழந்தை பெரும்பாலும் சில ஆண்டுகளுக்குள் இறந்துவிடும். ஏற்றினால் வாழலாம். ஆனால் அது ஒருமுறை செய்து முடிக்கும் சிகிச்சை அல்ல. மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை, ஆயுள் முழுக்கத் தொடர வேண்டும்.

அதோடும் முடிவதில்லை. ஏற்றும் ஒவ்வொரு பை ரத்தத்திலும் சுமார் 200 மில்லிகிராம் இரும்பு உடலுக்குள் வருகிறது. ஒரு நாளைக்கு ஒன்று, இரண்டு மில்லிகிராம் இரும்பைத்தான் மனித உடல் இழக்கிறது. மிச்சத்தை வெளியேற்ற உடலுக்கு வழி கிடையாது. அது கல்லீரலில், இதயத்தில், சுரப்பிகளில் படியும். தலசீமியாக்காரர்கள் ரத்தம் கிடைக்காமல் மட்டும் சாவதில்லை. ரத்தம் கிடைத்தும், இரும்பை நீக்கும் மருந்து கிடைக்காமல் இதயம் நின்று சாகிறார்கள். முன்பு டெஃபெராக்சமின் மருந்தைச் சிறு பம்ப் வழியாகத் தோலுக்கடியில் எட்டு மணி நேரத்துக்கு மேல் ஏற்றிக்கொள்ள வேண்டியிருந்தது. இப்போது டெஃபெராசிராக்ஸ் போன்ற மாத்திரைகள் வந்துவிட்டன. ஒருநாள் விடாமல் அவற்றைச் சாப்பிட வேண்டும். நான் போகும் மருத்துவமனையில் அந்த மாத்திரை சில மாதம் இருக்கும், சில மாதம் இருக்காது. இல்லாத மாதங்களில் வெளிக்கடை விலையைக் கேட்டுவிட்டு அப்பா பேசாமல் திரும்பி வருவார்.

சாத்தான்குளம் வட்டாரத்தில் எங்கள் ஊர். கூலி வேலைக்குப் போகும் குடும்பம். ரத்தம் ஏற்றுவது இலவசம்தான். ஆனால் அந்த நாள் இலவசம் இல்லை. விடியற்காலையில் பேருந்து, வரிசை, ரத்தப் பரிசோதனை, பொருத்தம் பார்க்கும் வரை காத்திருப்பு, பிறகு மணிக்கணக்கில் கையில் ஊசி, இருட்டிய பிறகு வீடு. எனக்கு ஒருநாள் கூலி போகும், கூட வரும் அம்மாவுக்கும் போகும். ரத்தம் இருப்பு இல்லை என்றால் மறுநாளும் போகும். ஆண்டுக்குப் பதினைந்து முறைக்கு மேல் இப்படி. கடைசி வாரத்தில் மாடிப்படி ஏற முடியாது, எலும்பெல்லாம் கடுக்கும், பேசவே அலுப்பாக இருக்கும். ரத்தம் ஏற்றிய மறுநாள் எல்லோரையும் போல இருப்பேன். "பார்த்தா ஒண்ணும் தெரியலையே" என்று சொல்பவர்கள் அந்த வாரத்தில்தான் பார்த்திருப்பார்கள்.

ஒருமுறை வார்டுக்கு என்னைப் பார்க்க வந்திருந்த உறவுக்காரப் பெரியம்மா, மேலே தொங்கிய பையைப் பார்த்துவிட்டு அம்மாவிடம் ரகசியமாகக் கேட்டார்: "யாரு ரத்தம்டீ ஏத்துதாவ? நம்ம ஆளுவ ரத்தம்தானா?" அம்மா அதற்குப் பதில் சொல்லவில்லை. "சீக்கிரம் ஏறுனா சரி" என்று மட்டும் சொன்னார். கீழே தள்ளப்பட்ட சாதியிலும் தனக்குக் கீழே ஒருவரைத் தேடச் சொல்லித் தருவதுதான் இந்த அமைப்பு. ஆனால் அந்தப் பையின் மேல் ரத்த வகை, எண், எடுத்த தேதி, காலாவதியாகும் தேதி, செய்த பரிசோதனைகள் இவைதான் எழுதியிருந்தன. மருத்துவம் ரத்தத்தைப் பிரிப்பது கார்ல் லேண்ட்ஸ்டைனர் 1901-ல் விளக்கிய ஏ, பி, ஓ வழியில். சாதி பிரிக்கும் வழி வேறு. ஒருமுறைக்கு இரண்டு பை என்று வைத்தாலும் ஆண்டுக்கு முப்பதுக்கும் மேற்பட்ட முகம் தெரியாதவர்களின் ரத்தம் என் உடம்பில் ஓடுகிறது. இத்தனை ஆண்டுகளில் இந்த மாவட்டத்தின் எல்லாத் தெருவும் எனக்குள் வந்து போயிருக்கும்.

ஆனால் "ரத்தத்தில் சாதி இல்லை" என்று ஒரு மேடை வசனம் சொல்லி இதை முடித்துவிட முடியாது. ரத்தத்தில் சாதி இல்லை. அந்த ரத்தம் யாரிடமிருந்து எடுக்கப்பட்டது, யாருக்குப் போய்ச் சேர்ந்தது என்பதில் வர்க்கமும் சாதியும் எப்போதும் இருந்தன. நம் நாட்டில் ரத்தம் நீண்ட காலம் விலைக்கு விற்கப்பட்டது. ஒருவேளைச் சோற்றுக்காக மாதத்துக்குப் பலமுறை ரத்தம் விற்ற ஏழைகள் எல்லா நகரத்திலும் இருந்தார்கள். 1996-ல் ஒரு பொதுநல வழக்கில் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்புக்குப் பிறகு, 1998 ஜனவரி முதல்தான் ரத்தம் விற்பது தடை செய்யப்பட்டது. இன்று எங்களைப் போன்ற நோயாளிகளுக்கு ரத்தத்தைக் கட்டணமின்றித் தர வேண்டும் என்று விதி இருக்கிறது. ஆனாலும் பல இடங்களில் "பதிலுக்கு ஆள் கூட்டி வாங்க" என்ற பேச்சு நிற்கவில்லை. பெரிய குடும்பம், பெரிய நட்பு வட்டம், வண்டி வாகனம் உள்ளவருக்கு ஆள் கிடைக்கும். மூன்று வாரத்துக்கு ஒருமுறை ஆள் கேட்டு வரும் கூலிக் குடும்பத்துக்கு எத்தனை முறை ஆள் கிடைக்கும்?

இனி அந்த முதல் கேள்விக்கு வருகிறேன். சொந்தத்தில் திருமணம் செய்தால் தலசீமியா வருமா? தலசீமியா மரபணுவை ஒற்றையாகச் சுமப்பவருக்குப் பெரும்பாலும் எந்தத் தொந்தரவும் இருக்காது. தான் சுமப்பதே அவருக்குத் தெரியாது. அப்படிப்பட்ட இருவர் சேரும்போது ஒவ்வொரு கருவுக்கும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பில் நோய் வருகிறது. ஒரே குடும்பத்துக்குள் மணந்தால் இருவரும் ஒரே மரபணுவைச் சுமக்கும் வாய்ப்பு கூடும். தமிழ்நாட்டில் நான்கில் ஒன்றுக்கும் மேற்பட்ட திருமணங்கள் உறவுக்குள் நடப்பதாகத் தேசியக் குடும்ப நல ஆய்வு சொல்கிறது. சாதிக்குள்ளேயே பல தலைமுறை மணந்தாலும், உறவே இல்லாதவர்களிடையேகூட அந்த வாய்ப்பு கூடும். இதெல்லாம் உண்மை.

ஆனால் மறுபாதியும் உண்மை. இந்த மரபணு ஏழைச் சாதிகளின் சொத்து அல்ல. வணிகத்தில் கொழித்த சிந்தி, லொஹானா போன்ற சமூகங்களில் இதைச் சுமப்பவர்கள் அதிகம். சாதி கடந்து மணக்கும் இருவருமே சுமப்பவர்களாக இருந்தால் அவர்கள் குழந்தைக்கும் நோய் வரும். இந்த மரபணு கெட்ட ரத்தமும் அல்ல. ஒற்றையாகச் சுமப்பவரை அது கடுமையான மலேரியாவிலிருந்து ஓரளவு காத்தது. கொசு நிறைந்த நிலங்களில் நம் முன்னோர் பிழைத்துக் கிடக்க அதுவும் ஒரு காரணம். எங்கள் உடம்பில் இருப்பது பிழைத்தவர்களின் மிச்சம், பாவத்தின் மிச்சம் அல்ல.

அதனால், சாதி மறுப்புத் திருமணத்தை "நல்ல குழந்தை பிறக்கும்" என்று சொல்லி விற்காதீர்கள். அண்ணல் அம்பேத்கர் 1916-ல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் படித்த கட்டுரையில் அகமணமே சாதியின் அடிப்படை என்று காட்டினார். அந்த ஏற்பாட்டுக்காகப் பெண்களின் மேல் என்னவெல்லாம் சுமத்தப்பட்டது என்பதையும் விளக்கினார். 1936-ல் லாகூருக்காக எழுதி, ஆற்றப்படாமலே போன உரையில், சாதி ரத்தத் தூய்மையைக் காக்கிறது, நல்ல இனத்தை வளர்க்கிறது என்ற வாதத்தை உடைத்தார். அவர் பேசியது மனிதர்களுக்கிடையே உறவு உண்டாவதைப் பற்றி. குறையற்ற குழந்தைகளைத் தயாரிப்பதைப் பற்றி அல்ல. சாதியை ஒழிக்க வேண்டியது அது அநீதி என்பதால். என் சிவப்பணுக்களை அதற்குச் சாட்சிக் கூண்டில் ஏற்றத் தேவையில்லை. "குறையுள்ள உடல் பிறக்கக் கூடாது" என்பதை நம் வாதமாக்கினால், தூய ரத்தம் பேசுகிறவர்களின் மொழியையே நாமும் பேசத் தொடங்கிவிடுவோம்.

இன்னொன்று. வெளியே மணப்பது எங்கள் பக்கத்தில் உடல்நல ஆலோசனை அல்ல, உயிர் போகும் விஷயம். இதே மாவட்டத்தின் ஆறுமுகமங்கலத்தைச் சேர்ந்த கவின் 2025 ஜூலையில் பாளையங்கோட்டையில் வெட்டிக் கொல்லப்பட்டதை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். அந்த மண்ணில் நின்றுகொண்டு என் அம்மாவிடம் "ஏன் சொந்தத்தில் கட்டினீர்கள்" என்று கேட்பதில் என்ன நியாயம் இருக்கிறது? அவருக்கு யாரும் தேர்வு எதையும் கொடுத்திருக்கவில்லை.

நீலகிரிக்குப் போனால் இது இன்னும் தெளிவாகத் தெரியும். அங்குள்ள பழங்குடிகளிடையே அரிவாள் செல் மரபணு இருப்பதை ஹெர்மன் லேமன், மரி கட்புஷ் என்ற இருவர் 1952-லேயே கண்டறிந்து எழுதினார்கள். இந்தியாவில் இந்த மரபணு பற்றிய முதல் அறிக்கைகளில் அது ஒன்று. அரிவாள் செல் ரத்தசோகையை ஒழிப்பதற்கான தேசிய இயக்கம் தொடங்கப்பட்டது 2023 ஜூலையில். இடையில் 71 ஆண்டுகள். அறிவியல் கட்டுரைக்குப் பழங்குடியின் ரத்தம் உடனே தேவைப்பட்டது. அந்த ரத்தத்துக்கு உரியவரின் வலிக்குத் தேசம் ஒரு திட்டம் போட ஏழு பத்தாண்டுகள் பிடித்தன. கூடலூர் பகுதியில் பழங்குடியினருக்காக இயங்கும் அஸ்வினி மருத்துவமனை போன்றவை அதற்கு முன்பே அந்த வேலையைச் செய்துவந்தன என்பதையும் சொல்ல வேண்டும்.

2023-ன் இயக்கம் 40 வயது வரையிலான 7 கோடிப் பேரைப் பரிசோதிக்கவும், 2047-க்குள் நோயை ஒழிக்கவும் இலக்கு வைத்திருக்கிறது. பரிசோதனை நல்லது. ஆனால் பரிசோதித்தவர்களுக்கு ஓர் அட்டை தருகிறார்கள். மணம் பேசும்போது இரண்டு அட்டைகளையும் வைத்துப் பார்த்து முடிவெடுக்கலாம் என்பது அதன் நோக்கம். ஜாதகப் பொருத்தம் பார்க்கும் சமூகத்தில் அந்த அட்டை யார் கையில் என்னவாகும் என்று யோசியுங்கள். பெண்ணின் அட்டையைத்தான் முதலில் கேட்பார்கள். எனக்கு வந்த இரண்டு வரன்கள் நோயின் பெயரைக் கேட்டதும் நின்றன. அதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. நோயே இல்லாத என் தங்கைக்கும் "அந்த வீடு" என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. ரகசியம் காக்கும் உறுதி இல்லாத பரிசோதனை, தீண்டாமைக்கு இன்னொரு பட்டியலைத் தயாரித்துக் கொடுக்கும்.

'ஒழிப்பு' என்ற சொல்லையும் நோயாளியாகக் கேட்டுப் பாருங்கள். இனி யாரும் இப்படிப் பிறக்காமல் பார்த்துக்கொள்வது ஒரு வேலை. ஏற்கெனவே பிறந்து வாழ்பவர்கள் நன்றாக வாழ வழி செய்வது வேறொரு வேலை. முதல் வேலைக்கு விழாவும் பதாகையும் உண்டு. அரிவாள் செல் நோயாளியின் வலியைக் குறைக்கும் ஹைட்ராக்சியூரியா மாத்திரையோ, எங்களுக்கான இரும்பு நீக்கும் மாத்திரையோ மாதம் தவறாமல் அருகிலேயே கிடைக்கிறதா என்பதற்குப் பதாகை இல்லை.

சட்டத்துக்கு வருவோம். 2016-ன் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ஏழு வகையாக இருந்த ஊனங்களின் பட்டியலை 21 ஆக விரித்தது. அதில் ஹீமோஃபீலியா, தலசீமியா, அரிவாள் செல் நோய் மூன்றும் சேர்க்கப்பட்டன. ரத்தக் கோளாறு உள்ளவர்கள் போராடிப் பெற்ற அங்கீகாரம் அது. 40 விழுக்காடு அல்லது அதற்கு மேல் பாதிப்பு என்று சான்று இருந்தால் அரசு உயர்கல்வி நிறுவனங்களில் 5 விழுக்காடு ஒதுக்கீட்டில் நாங்களும் வருவோம். ஆனால் அதே சட்டத்தின் 34-ஆம் பிரிவு, அரசு வேலையில் 4 விழுக்காடு ஒதுக்கும்போது வேறொரு பட்டியலைப் போடுகிறது. பார்வை, செவி, கை கால் இயக்கம், அறிவுசார் மற்றும் மனநலக் குறைபாடுகள், இவற்றில் ஒன்றுக்கு மேற்பட்டவை. ரத்தம் அதில் இல்லை.

இதன் பொருள் என்ன? என் கையில் அரசு தந்த ஊனச் சான்று இருக்கிறது. அதைக் காட்டிக் கல்லூரிக்குள் போகலாம். படித்து முடித்துவிட்டு அரசுப் பணித் தேர்வுக்கு விண்ணப்பிக்கும்போது அந்தச் சான்றுக்கான கட்டம் இல்லை. தனியாரிடம் போனால் மூன்று வாரத்துக்கு ஒருமுறை விடுப்பு என்றதும் நேர்காணல் முடிந்துவிடுகிறது. ஊனம் என்று ஒப்புக்கொள்கிறார்கள், அதனால் இழப்பது என்ன என்பதை மட்டும் ஒப்புக்கொள்ள மறுக்கிறார்கள். கண்ணுக்குத் தெரியும் குறையைத்தான் சட்டமும் நம்புகிறது. இட ஒதுக்கீடு சலுகை அல்ல, உரிமை என்று ஊர் ஊராகப் பேசும் இயக்கத்திடம் இதைச் சொன்னால் புரியும் என்று நினைக்கிறேன். தலித்தாகவும் தலசீமியாவோடும் பிறந்த ஒருத்திக்கு ஒரு சான்று வாசல் வரை வருகிறது, இன்னொரு சான்று வாசலுக்கு முன்பே காலாவதியாகிறது.

சான்று என்றதும் சாத்தான்குளத்துக்காரர்களுக்கு வேறொன்றும் நினைவுக்கு வரும். 2020 ஜூன் மாதம் ஜெயராஜும் அவர் மகன் பென்னிக்ஸும் காவல் நிலையத்தில் அடித்துச் சிதைக்கப்பட்ட பிறகு, உடுத்திய வேட்டி ரத்தத்தில் நனைந்த நிலையில், சிறைக்கு அனுப்பத் தகுதியான உடல்நிலையில் இருப்பதாக அவர்களுக்கு மருத்துவச் சான்று எழுதப்பட்டது. சில நாட்களில் இருவரும் இறந்துபோனார்கள். அந்தக் கொடுமையும் எங்கள் நோயும் ஒன்றல்ல. ஆனால் எதிரில் இருக்கும் உடலைப் பார்க்காமல், அதிகாரத்துக்கு என்ன வேண்டுமோ அதைப் பார்த்துக் காகிதம் எழுதப்பட்டால் என்ன ஆகும் என்பது எங்கள் ஊருக்குத் தெரியும். உடலுக்கு உரியவர் சொல்வதைக் கேள் என்பதுதான் நோயாளியாக நான் வைக்கும் முதல் அரசியல் கோரிக்கை.

மற்றவை நேரடியானவை. வேலை ஒதுக்கீட்டில் ரத்தக் கோளாறு உள்ளவர்களைச் சேர்க்கச் சட்டத் திருத்தம் வேண்டும். ரத்தம் ஏற்றும் நாளுக்குச் சம்பளத்தோடு விடுப்பும், கூலித் தொழிலாளிக்கு இழப்பீடும் வேண்டும். வட்ட மருத்துவமனை அளவிலேயே ரத்தம் ஏற்றும் பகல்நேர வார்டும், தடையில்லாத மாத்திரையும் வேண்டும். கருவுற்ற தொடக்கத்திலேயே எல்லாப் பெண்களுக்கும் இலவசப் பரிசோதனை வேண்டும். முடிவு அவர்களுடையதாக, ரகசியம் அவர்களுடையதாக இருக்க வேண்டும். எங்களுக்காகப் போடும் குழுக்களில் நாங்களும் இருக்க வேண்டும்.

உங்களிடம், தோழர்களே, தனியாக ஒரு கோரிக்கை. ஏப்ரல் 14-லும் செப்டம்பர் 17-லும் நம் அமைப்புகள் ரத்த தான முகாம் நடத்துகின்றன. நடிகர்களின் பிறந்தநாளுக்கு ரசிகர் மன்றங்களும் நடத்துகின்றன. நல்லது. ஆனால் சிவப்பணுக்களைக் குளிர்பதனத்தில் அதிகபட்சம் 42 நாட்கள்தான் வைத்திருக்க முடியும். அம்பேத்கர் பிறந்தநாளில் தந்த ரத்தம் மே 26-க்கு மேல் இருக்காது. பெரியார் பிறந்தநாளில் தந்தது அக்டோபர் 29-ஐத் தாண்டாது. கல்லூரிகள் மூடிக் கிடக்கும் கோடையில்தான் ரத்த வங்கிகள் வறண்டுபோகின்றன. ஆண்கள் 90 நாளுக்கு ஒருமுறையும் பெண்கள் 120 நாளுக்கு ஒருமுறையும் தரலாம். ஐம்பது பேர் ஒரே நாளில் தந்து படம் எடுத்துக்கொள்வதற்குப் பதிலாக, அந்த ஐம்பது பேரும் வாரத்துக்கு நான்கு பேராகப் பிரிந்து, ஒரு சுற்று முடிந்ததும் அடுத்த சுற்றைத் தொடங்கினால், இரண்டு தலசீமியா நோயாளிகள் ஆண்டு முழுக்க யாரிடமும் கெஞ்சாமல் வாழலாம். நம் ஊர் ஒவ்வொன்றிலும் இது முடியும். இதற்கு அரசாணை தேவையில்லை, ஒரு நோட்டுப் புத்தகமும் பொறுப்பெடுக்கும் ஒரு தோழரும் போதும்.

இந்தியாவில் ஆண்டுக்குச் சுமார் 10,000 குழந்தைகள் தீவிரத் தலசீமியாவோடு பிறப்பதாக மதிப்பிடுகிறார்கள். அவர்களில் ஒருவரை நீங்கள் எங்காவது சந்திப்பீர்கள். அப்பா அம்மா சொந்தமா என்று அவரிடம் கேட்காதீர்கள். அடுத்து எந்தத் தேதியில் ரத்தம் ஏற்ற வேண்டும் என்று கேளுங்கள்.